பழைய ஃபியட் வாங்கப் போகிறவர்களுக்கு

பழைய ஃபியட் கார்களை எடைக்குப் போட்ட காலம் ஒன்று இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியிலும் அதற்கடுத்த சில ஆண்டுகளிலும் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். புதுக் கார் கடனில் எளிதாகக் கிடைத்தது. வாசலில் நின்ற பிரீமியர் பத்மினி என்ற பழைய ஃபியட் இடத்தை அடைப்பதாகத் தோன்றியது. வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். ஒழுங்காகச் செய்து முடித்த அதே வண்டிக்கு இன்று லட்சங்களில் விலை பேசுகிறார்கள். பழைய மார்க் அம்பாசடர், காண்டசா, முதல் மாடல் மாருதி 800 எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். பல ஆண்டுகளாக ஒரு பத்மினியை வைத்து ஓட்டிவருகிறேன். நண்பர்களோடு போய் வண்டி பார்த்து, விலை பேசி, வாங்கிக் கொடுத்தும் இருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

விலை ஏன் ஏறுகிறது?

ஃபியட் 1100 டிலைட் 1964-ல் பம்பாய் குர்லா தொழிற்சாலையில் தயாராகத் தொடங்கியது. 1974-ல் அது பிரீமியர் பத்மினி ஆனது. அந்தக் காலத்தில் முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவர்கள், இன்னொருவர் எடுத்துவிட்ட வண்டியைப் புதுக்காரின் விலைக்கும் மேலே கொடுத்து வாங்கினார்கள். அப்படி ஏங்கிய வீடுகளின் பிள்ளைகளுக்கு இப்போது ஐம்பது, அறுபது வயது. கையில் பணம் இருக்கிறது. அப்பாவால் வாங்க முடியாத காரை, அல்லது அப்பா விற்றுவிட்ட காரை, அவர்கள் தேடுகிறார்கள். தேடுபவர்கள் கூடக்கூட, மிஞ்சியிருக்கும் வண்டிகள் குறைகின்றன. விலை ஏறாமல் என்ன செய்யும்?

உலகச் சந்தையிலும் அரிதாக இருப்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது. மெர்சிடிஸ் நிறுவனம் 1955-ல் செய்த 300 எஸ்.எல்.ஆர். கூப்பே உலகில் இரண்டே இரண்டு. அதில் ஒன்று 2022-ல் 13.5 கோடி யூரோவுக்கு ஏலம் போனது. ஆனால் புரோக்கர் அந்தச் செய்தியைக் காட்டி உங்களிடம் விலையை ஏற்றினால் அசையாதீர்கள். பத்மினி 2000-ஐத் தாண்டியும் தயாரானது. மும்பை டாக்சியாக ஆயிரக்கணக்கில் ஓடியது. அந்த மாடல் அரிதானதல்ல. துரு ஏறாத, வெட்டி ஒட்டாத, சாமான் எதுவும் குறையாத வண்டிதான் அரிது. அதற்கு மட்டும் கூடுதல் விலை கொடுக்கலாம்.

முதலில் ஆர்.சி., பிறகு கார்

வண்டியைப் பார்த்து மனம் மயங்குவதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வாங்குங்கள். சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒரு காலத்தில் செலவைக் குறைக்கப் பல ஃபியட்டுகளில் டீசல் இன்ஜின் ஏற்றினார்கள். அது ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய வண்டிகளில் அடிக்கடி பார்க்கும் சிக்கல், ஆர்.சி.யில் பெயர் இருப்பவர் காலமாகியிருப்பது. மகன் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்க முன்வருவார். மற்ற வாரிசுகளின் சம்மதம் எழுத்தில் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பழைய கடன் அடைந்திருந்தும் ஆர்.சி.யில் ரத்தாகாமல் நிற்கலாம். அதையும் விற்பவரே முடித்துத் தரட்டும். பதினைந்து ஆண்டு முடிந்த சொந்த வண்டிக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு. பல ஆண்டு புதுப்பிக்காமல் கிடந்த வண்டி என்றால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நிலுவை எவ்வளவு என்று விசாரித்துவிட்டு விலை பேசுங்கள்.

தகரத்தைப் பாருங்கள்

எனக்குத் தெரிந்த ஒரு முதிய மெக்கானிக் வண்டி பார்க்க வருகிறவர்களிடம் சொல்வார்: “சார், இன்ஜினுக்குப் பயப்படாதீங்க. தகரத்தப் பாருங்க.” அனுபவத்தில் அது முழு உண்மை. ஃபியட்டுக்குத் தனி சேஸிஸ் கிடையாது. பாடியேதான் வண்டியைத் தாங்குகிறது. கதவுக்கு அடியில் ஓடும் பட்டையும் தரைத்தகடும் துருப்பிடித்தால் வண்டியின் எலும்பே போய்விட்டது என்று பொருள். மிதியடியை எடுத்துவிட்டுத் தரையை அழுத்திப் பாருங்கள். ஜாக்கி வைக்கும் இடத்தைத் தட்டிப் பாருங்கள். துணியில் சுற்றிய சின்னக் காந்தத்தை பாடி முழுவதும் நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் பெயிண்டுக்கு அடியில் இருப்பது தகரம் இல்லை, பட்டி.

சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வேறு வகை. அதற்குத் தனி சேஸிஸ் உண்டு. பாடியைக் கழற்றிச் செப்பனிடலாம். அங்கே சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

காலையில் வண்டி ஆறியிருக்கும்போது போய், உங்கள் முன்னிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது; இன்ஜின் வேலைக்கு என்ன ஆகும் என்று கணக்கிட்டு விலையைக் குறைக்கலாம். இன்ஜின் வேலைக்குச் செலவு இவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்லிவிட முடியும். ஆனால் தகரத்தைச் செப்பனிடும் டிங்கரிங் வேலை தொடங்கிய பிறகுதான் அதன் முழு அளவும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்: பாதி பிரித்துப் போட்ட மலிவு வண்டியைவிட, ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்குவதே கடைசிக் கணக்கில் லாபம்.

சின்னச் சாமான்தான் பெரிய செலவு

பிஸ்டனும் பிரேக் சாமானும் தேடினால் கிடைக்கும். கதவுக் கைப்பிடி, விளக்கு வளையம், பின்விளக்குக் கண்ணாடி, டேஷ்போர்டு திருகு, குரோமியப் பட்டை, ரப்பர் பீடிங் இவைதான் அலையவிடும். ஹெரால்டுக்கு இன்னும் கடினம். சென்னை புதுப்பேட்டையில் பொறுமையாகக் கடைகடையாக ஏறி இறங்க வேண்டும். எனவே வாங்கும்போதே என்னென்ன இல்லை என்று பட்டியல் எழுதுங்கள். கழற்றி வைத்த பழைய சாமான் விற்பவர் வீட்டுப் பரணில் கிடந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். கோவை அவிநாசி சாலையில் உள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வந்தால், பராமரித்த பழைய வண்டி எப்படியிருக்கும் என்பது கண்ணுக்குப் பழகும்.

அலாய் வீல், எல்.இ.டி. விளக்கு, புது டேஷ்போர்டு என்று மாற்றாதீர்கள். பழமை மாறாத வண்டிக்குச் சட்டத்திலும் தனி இடம் உண்டு. 2021-ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த, சேஸிஸும் பாடியும் இன்ஜினும் பெரிதாக மாற்றப்படாத வண்டியை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்யலாம். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது; கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் சாலையில் இறக்கலாம். தினமும் ஓட்ட ஆசையென்றால் சாதாரணப் பதிவையே புதுப்பித்து வாருங்கள்.

பெட்ரோலிலும் இன்சூரன்ஸிலும் கவனம்

இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது பழைய ரப்பர் குழாயையும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரத்தையும் அரிக்கும்; ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். எத்தனால் தாங்கும் குழாயாக எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பெட்ரோல் கசிவு தீவிபத்தில் முடியும். நீண்டநாள் நிறுத்துவதென்றால் கார்புரேட்டரில் உள்ள பெட்ரோல் தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-த்தில் நின்றுபோனது. ஈயமில்லாத பெட்ரோலில் பழைய வால்வு சீட் தேயும் என்பதால், அதற்கு முந்தைய இன்ஜினின் ஹெட்டைப் பிரிக்கும்போது கடினமான வால்வு சீட் போட்டுவிடுங்கள்.

இன்சூரன்ஸில் ஐந்து ஆண்டு தாண்டிய வண்டிக்கு மதிப்பை நீங்களும் நிறுவனமும் பேசித்தான் முடிவு செய்கிறீர்கள். செய்த வேலைக்கான பில்லும் புகைப்படமும் கையில் இருந்தால்தான் உங்கள் பேச்சு எடுபடும்.

வாங்கினால் ஓட்டுங்கள்

விலை ஏறியதில் ஒரு நன்மை உண்டு. எடைக்குப் போகவிருந்த வண்டிகள் தப்பின. ஒரு தீமையும் உண்டு. இன்னும் ஏறட்டும் என்று உறைபோட்டுப் பூட்டி வைக்கிறார்கள். நின்ற வண்டியில் பிரேக் சிலிண்டர் இறுகும், சீல்கள் காயும், டேங்க் துருப்பிடிக்கும். ஏறிய விலை பராமரிப்பிலேயே கரைந்துவிடும். முதலீடாக மட்டும் நினைப்பவருக்குப் பழைய கார் ஏற்றதல்ல.

இன்னொன்றும் கவலையாக இருக்கிறது. பாயிண்ட் கேப்பைக் கண்ணளவில் வைத்து, காதால் கேட்டு டியூன் செய்யும் மெக்கானிக்குகள் வயதாகி ஒதுங்கிக்கொண்டிருக்கிறார்கள். சாமான் கிடைத்தாலும் அதைப் பொருத்தும் கை இல்லாவிட்டால் இந்தக் கார்கள் நிற்கத்தான் போகின்றன. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் அவரிடமே வேலை கொடுங்கள், கேட்ட கூலியைக் கொடுங்கள். வேலை கற்க விரும்பும் பையன் ஒருவனை அவரிடம் சேர்த்துவிடுங்கள். வாரம் ஒருமுறையாவது வண்டியை எடுத்து ஓட்டுங்கள். பிள்ளைகளுக்கும் ஓட்டக் கற்றுக்கொடுங்கள்.