இல்லாத இயந்திரத்தை இயக்கும் மென்பொருள்

பழைய வீடியோ விளையாட்டுகளை இன்று கையடக்கத் தொலைபேசியில் விளையாடுவோர் பலர். ஆனால், அவை தொலைபேசிக்காக எழுதப்பட்டவை அல்ல. அவ்வாறாயின் எப்படி இயங்குகின்றன? ‘எமியூலேட்டர்’ எனும் மென்பொருளே இதற்குக் காரணமாகும். ஒரு கருவியை இன்னொரு கருவியைப் போல நடந்துகொள்ளச் செய்வதே இதன் பணி.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் 1983இல் ‘ஃபமிகொம்’ எனும் விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அதன் செயலி வினாடிக்கு ஏறத்தாழ 18 இலட்சம் துடிப்புகளில் இயங்கியது. செயலிக்குரிய வேலை நினைவகம் 2 கிலோபைற்று மாத்திரமே. 1985இல் வெளிவந்த ‘சுப்பர் மாரியோ பிரதர்ஸ்’ முழுவதும் 40 கிலோபைற்றில் அடங்கியது. நாம் இன்று தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே பொதுவாக இதைவிடப் பன்மடங்கு பெரியது.

அவ்விளையாட்டு ஃபமிகொம் செயலியின் பொறிமொழியில் அமைந்தது. தொலைபேசியின் செயலிக்கு அம்மொழி விளங்காது. எமியூலேட்டர் இடையில் நின்று, ஒவ்வோர் அறிவுறுத்தலையும் எடுத்து, பொருளை அறிந்து, அதற்குரிய வேலையைத் தொலைபேசியைக் கொண்டு செய்விக்கிறது. பழைய அறிவுறுத்தல் ஒன்றுக்குப் புதியவை பல செலவாகின்றன. அதனாற்றான் மூலக் கருவியைவிட மிக வேகமான கருவி தேவைப்படுகிறது. படம் வரையும் சில்லும் ஒலியெழுப்பும் பகுதியும்கூட இவ்வாறே போலச்செய்யப்படுகின்றன. ஃபமிகொம் வினாடிக்கு ஏறத்தாழ 60 படச்சட்டங்களைக் காட்டியது. தொலைபேசி வேலையை முந்தி முடித்தால் காத்திருக்க வேண்டும். இல்லையேல் மாரியோ கண்மூடித் திறப்பதற்குள் ஓடி மறைந்துவிடுவான்!

இதன் பயன் பொழுதுபோக்கு மட்டுமல்ல. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதமானவை இப்போது விற்பனையில் இல்லை என 2023இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பழைய கருவிகள் பழுதடையும்போது அப்படைப்புகளை உயிர்ப்பிக்க எஞ்சியிருக்கும் முக்கிய வழி எமியூலேட்டரே.

ஆயினும் எமியூலேட்டர் வேறு, விளையாட்டு வேறு. பிளேஸ்டேஷனைப் போலச்செய்யும் மென்பொருளை உருவாக்குவதற்காக அதன் அடிப்படை மென்பொருளைப் பிரதியெடுத்து ஆராய்ந்தது நியாயமான பயன்பாடே என 2000ஆம் ஆண்டு அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. ஆனால், விளையாட்டின் பதிப்புரிமை அதன் உரிமையாளருக்கே உரியது. கடையில் கிடைக்கவில்லை என்பதால் பிறருடைய ஹக் நமக்குச் சொந்தமாகிவிடாது. அதேவேளை, விற்பனை நின்றுவிட்டது என்பதற்காக ஒரு படைப்பு அழிந்துபோகவும் கூடாது. பழைய நூல்களைப் போலவே இவற்றையும் உரிமையாளரின் அனுமதியோடு நூலகங்கள் பாதுகாக்க வழி பிறக்க வேண்டும்.