வறுமையிற் செம்மை

அச்சம் என்பது தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்று. அச்சுவை தோன்றக் கதை புனைந்து உலகப் புகழ் எய்தியவர் அமெரிக்க நாட்டுக் கவிஞராகிய எட்கார் ஆலன் போ. பேயும் விலங்கும் அச்சுறுத்தும் கதைகள் பல உள. போவின் கதைகளிலோ, அச்சம் பெரும்பாலும் மாந்தர் மனத்தினுள்ளிருந்தே பிறக்கின்றது. அக்கதைகளைப் படித்து நடுங்கினோர் பலர்; அவற்றை எழுதியவர் நாடோறும் எவ்வாறு வாழ்ந்தார் என்பதை அறிந்தோர் சிலரே.

போ 1809-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 19-ஆம் நாள் பாஸ்டன் நகரிற் பிறந்தார். பெற்றோர் இருவரும் நாடக நடிகர். மூன்று வயது நிரம்புமுன்பே அவர் தாயை இழந்தார். ரிச்மண்டு நகரத்து வணிகர் ஜான் ஆலன் என்பார் அவரை வளர்த்தார். பின்னர் இருவர்க்கும் மனவேறுபாடு முற்றியது. செல்வர் மனையில் வளர்ந்த இளைஞர் கைப்பொருளின்றி வெளியேறினார்.

1827-இல், தம் பதினெட்டாம் வயதில், போ தம் முதற் கவிதை நூலை வெளியிட்டார். அச்சானவை ஏறத்தாழ 50 படிகளே. நூலின்மேல் அவர் பெயரும் இல்லை. பாஸ்டன் நகரத்தார் ஒருவர் இயற்றியது என்றே குறிக்கப்பட்டிருந்தது. அதனை மதித்துப் படித்தார் இலர்.

பின்னர்ப் போ பால்டிமோர் நகரில் தம் அத்தையார் மேரியா கிளெம் இல்லத்தில் தங்கி எழுதி வந்தார். 1833-இல் அந்நகரத்து வார இதழொன்று கதைப் போட்டி நடத்தியது. போ அனுப்பிய கதைகளின் அழகிய கையெழுத்தே நடுவர்களை முதற்கண் கவர்ந்தது. படித்தபின் கதைகளும் கவர்ந்தன. 'புட்டியிற் கிடைத்த கையெழுத்துப் படி' என்னும் கதைக்கு 50 டாலர் பரிசு கிடைத்தது. நடுவருள் ஒருவராகிய ஜான் கென்னடி, 1835-இல் போவை விருந்திற்கு அழைத்தார். உடுத்து வரத் தக்க உடை இல்லாமையால் வர இயலவில்லை என்று போ நாணத்தோடு மடல் எழுதினார். அதனைப் படித்துக் கென்னடி உள்ளம் உருகினார்; உடையும் உணவும் உதவினார்; ரிச்மண்டு நகரத் திங்களிதழ் ஒன்றிற்கும் அவரை அறிமுகம் செய்துவைத்தார். ஒரு சிறு பரிசு ஒருவர் வாழ்விற்கு வழிதிறந்தது.

இதழாசிரியர் பணி எளிதன்று. பிறர் எழுத்துகளைப் படித்துத் தேர்தலும், அச்சுப்பிழை திருத்தலும், நூல்களை மதிப்பிடுதலும் பகலெல்லாம் நிகழ்ந்தன. தம் படைப்புகளை எழுதுங்கால், ஒடுங்கிய தாள்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, ஓலைச்சுருள்போற் சுருட்டி வைப்பது அவர் வழக்கம். அச்சுருளில் எழுத்துகள் முத்துக்கோத்தாற்போல் விளங்கும். மதுப்பழக்கம் அவர்க்கு அவ்வப்போது இடர் விளைத்தது. அதனால் வேலை இழந்ததும் உண்டு. அஃது அவர்தம் குறை.

1839-இல் அவர் கதைகள் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. வெளியீட்டார் அவர்க்குப் பொருள் தந்திலர். சில படிகளே தந்தனர். 1843-இல் 'பொன்வண்டு' என்னும் கதை 100 டாலர் பரிசு பெற்றது. 1845-இல் 'அண்டங்காக்கை' என்னும் கவிதை வெளிவந்ததும், நியூயார்க்கு நகரெங்கும் அவர் பெயர் பரவியது. புகழ் பெரிது, கைக்கு வந்த பொருளோ மிகச் சிறிது.

அந்நாளில் அவர் மனைவி வர்ஜீனியா எலும்புருக்கி நோயால் நலிந்திருந்தார். 1846-இல் அவர்கள் நியூயார்க்கினை அடுத்த ஃபோர்தம் என்னும் சிற்றூரில் ஒரு சிறு வீட்டிற் குடியேறினர். குளிர்காலத்தில் நோயாளி வைக்கோற் படுக்கையிற் கிடந்தார். கணவரின் பழைய மேலங்கியே போர்வை. மார்பின்மேற் படுத்திருந்த வீட்டுப் பூனையே கணப்பு. கண்டு சென்ற அம்மையார் ஒருவர் இதனை எழுதி வைத்துள்ளார். 1847-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் வர்ஜீனியா உயிர் நீத்தார். 1849-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 7-ஆம் நாள் போவும் மறைந்தார். அப்போது அவர்க்கு வயது நாற்பது.

மதிப்பாரற்றுக் கிடந்த அந்த 1827-ஆம் ஆண்டு நூலின் படிகளுள் இன்று எஞ்சியவை பன்னிரண்டு அளவினவே. அவற்றுள் ஒன்று 2009-இல் ஆறு இலட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. அத்தொகையில் ஒரு சிறு பகுதி அன்று கிடைத்திருப்பின், ஃபோர்தம் வீட்டிற்கு ஒரு கம்பளியேனும் வந்திருக்கும். ஆயினும், அப்பொருள் வாராமைக்காகப் போ தம் எழுத்தைத் தாழவிட்டிலர். செய்யும் தொழிலின் செம்மை அதற்குக் கிடைக்கும் கூலியால் அளக்கப்படுவதன்று. மாணவர்கள் இவ்வுண்மையை உளங்கொள்வார்களாக.