புது வில்லுக்கு ரோசின் ஏற்றுவது

புது வயலினில் சத்தமே வரவில்லை என்று கடைக்குத் திருப்பிக் கொண்டு ஓடுகிறவர்கள் முதலில் வில்லைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அதில் ரோசினே ஏறியிருக்காது. வெறும் குதிரைவால் முடி தந்தியின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். ரோசின் பொடி ஒட்டிய முடிதான் தந்தியைப் பற்றி இழுத்து, விட்டு, மறுபடி பற்றும். நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை நடக்கும் இந்தப் பிடிப்பும் விடுப்பும்தான் நாதமாகக் கேட்கிறது.

பைன் மரப்பிசினில் டர்பன்டைனை வடித்தெடுத்த பிறகு மிஞ்சுவதுதான் ரோசின். பொதுவாக வெளிர் மஞ்சளாக இருப்பது கெட்டி, கறுத்தது இளக்கம். சென்னை மாதிரி புழுங்குகிற ஊரில் வயலினுக்கு வெளிர் நிறமே போதும், கறுப்பு பிசுபிசுக்கும். டபுள் பாஸுக்கென்று விற்பது அதைவிட இளக்கம், வயலின் பக்கமே கொண்டுவராதீர்கள். வயலின் பெட்டியோடு இலவசமாக வரும் ரோசின் வில்லையை நான் பயன்படுத்துவதில்லை. நல்லதாக ஒன்று வாங்கினால், கீழே போட்டு உடைக்காதவரை வருஷக்கணக்கில் வரும்.

புது ரோசின் கண்ணாடி போலப் பளபளக்கும். அந்தப் பளபளப்பு போகாமல் எத்தனை தேய்த்தாலும் முடியில் ஒன்றும் ஏறாது. நைஸ் உப்புத்தாளால் மேல்பரப்பை லேசாகத் தேய்த்து மங்கலாக்குங்கள். கத்தியால் கோடு கிழிப்பவர்கள் உண்டு. எனக்குப் பிடிக்காது, சில்லு பெயர்ந்து முடிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வில்லை முறுக்குங்கள். நடுவில் முடிக்கும் குச்சிக்கும் இடையே ஒரு பென்சில் நுழைகிற இடைவெளி போதும். முடியை விரலால் தொடவே கூடாது. கர்நாடக சங்கீதம் வாசிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கமகத்துக்கு விரல் சறுக்க வேண்டுமென்று இடது கையில் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்கிறோம்; ரோசினைப் பிடிப்பதும் அதே கைதான். எண்ணெய் பட்ட முடியில் ரோசின் பிடிக்காது. ஆகவே ரோசின் முதலில், எண்ணெய் பிறகு.

இனிதான் பொறுமை வேண்டும். கைப்பிடிப் பக்கம் முடி வெளியே வருமிடத்தில் ஓர் உலோகப் பட்டை இருக்கும். அது விளிம்பில் மோதினால் ரோசின் வில்லை உடைந்துவிடும், இடது கட்டைவிரலை இடையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கைப்பிடிப் பக்கம் நாலைந்து சின்ன இழுப்பு, அப்புறம் நுனியில் அதேபோல. பிறகு நுனிவரை முழு வில்லாக, நிதானமாக. வேகமாகத் தேய்த்தால் சூட்டில் ரோசின் இளகி மறுபடி பளபளப்பாகிவிடும், பொடியே வராது. ஒரே தடத்தில் இழுத்தால் பள்ளம் விழும், வில்லையைத் திருப்பிக்கொண்டே இருங்கள். புது முடிக்கு முப்பது நாற்பது இழுப்புகூட ஆகலாம். அவசரமென்றால் குறுக்குவழி உண்டு. உடைந்த பழைய துண்டைத் துணியில் முடிந்து நசுக்கி, அந்தப் பொடியைக் காகிதத்தில் பரப்பி, முடியை அதன் மேல் ஒருமுறை இழுத்துவிட்டு, வில்லையில் தேய்ப்பதைத் தொடரலாம்.

இடையிடையே வாசித்துப் பாருங்கள். மேல் தந்தி கீச்சிட்டு வழுக்கினால் இன்னும் வேண்டும். கரகரத்து, வெள்ளைப் பொடி பறந்தால் அதிகம். காய்ந்த துணியால் முடியை ஒற்றிவிட்டு இரண்டு நாள் ரோசினை மறந்துவிடுங்கள். அதன்பின் தினம் மூன்று நாலு இழுப்பு தாராளம். ஒவ்வொரு கீர்த்தனைக்கும் முன்னால் தேய்ப்பது வெறும் பழக்கம். எவ்வளவு போட்டும் வழுக்கினால் முடி தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள்.

வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்துங்கள். தந்தியையும் அதன் கீழே பலகையில் விழுந்த பொடியையும் பழைய வேட்டித் துணியால் துடையுங்கள். விரல்பலகை எண்ணெய்க்கு வேறு துணி, இரண்டையும் கலக்காதீர்கள். இறுகிப்போன பொடியை ஸ்பிரிட் ஊற்றி எடுக்கப் பார்த்தால் வார்னிஷும் சேர்ந்து வரும். அதை ரிப்பேர்க்காரரிடம் விட்டுவிடுங்கள்.

சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் ரோசினை வைக்காதீர்கள், இளகித் துணியோடு ஒட்டிக்கொள்ளும். தேய்க்கும்போது தும்மலோ கை அரிப்போ வந்தால் அது ரோசின் ஒவ்வாமையாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கென்றே தயாரித்த வகைகளும் கிடைக்கின்றன.