பிரம்பைக் கீழே வைத்த பிறகு: கிறிஸ்தவப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் இரவு எட்டரைக்கு. மகனுக்கு அப்போது நாலு வயது. சங்கீதம் வாசிக்கும்போது அவன் நெளிந்தாலோ, சிரித்தாலோ, கண்ணைத் திறந்து சுவரில் பல்லியைத் தேடினாலோ தொடையில் ஒரு கிள்ளு வைப்பேன். சின்ன வயதில் என் அம்மா எனக்குக் கோயிலில் வைத்த அதே கிள்ளு. ஒரு நாள் பைபிளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு தொடைகளையும் உள்ளங்கைகளால் மூடிக்கொண்டான். பைபிளைக் கண்டதும் உடம்பைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று என் பிள்ளைக்கு நானே பழக்கியிருந்தேன். அன்றைக்கு என்னால் வாசிக்க முடியவில்லை.

அதன்பின் படித்ததும் செய்து பார்த்ததும் சறுக்கியதும் சேர்ந்ததுதான் இந்த வழிகாட்டி. அடிக்காமல், பயமுறுத்தாமல், அதே சமயம் பிள்ளையை அதன் போக்கில் விட்டுவிடாமல் வளர்க்க நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். படிகளை வரிசையாகவே பிடியுங்கள். முதல் படியைத் தாண்டாமல் மற்றவை நிலைக்காது.

முதல் படி: பிரம்பு வசனங்களோடு உட்காருங்கள்

பிள்ளையை அடிக்க வேதமே சொல்கிறதா என்ற கேள்வி மனதில் தீராதவரை கை நிற்காது. நீதிமொழிகள் 13:24, 22:15, 23:13-14, 29:15 ஆகிய நாலு இடங்களையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே 23ஆம் சங்கீதத்துக்கு வாருங்கள். நீதிமொழிகளில் நம் தமிழ் வேதாகமம் ‘பிரம்பு’ என்று சொல்லும் எபிரெயச் சொல் ‘ஷேபெத்’. சங்கீதத்தில் இருள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் நடக்கிறவனைத் தேற்றுகிற ‘கோல்’ இருக்கிறதே, அதுவும் ஷேபெத்தான். மூலத்தில் ஒரே சொல். தமிழில் ஒன்று பள்ளிக்கூட வாத்தியாரின் கைக்குப் போனது. மற்றது மேய்ப்பன் கையிலேயே தங்கிவிட்டது. மேய்ப்பன் அந்தக் கோலால் ஓநாயை விரட்டுவான், விலகும் ஆட்டை வழிக்குத் திருப்புவான். கோலின்கீழ் ஆடுகளை எண்ணுவதை லேவியராகமம் 27:32இல் பார்க்கலாம்.

“23:13 அடிக்கத்தானே சொல்கிறது?” என்று கேட்பீர்கள். ஆம், அடிக்கத்தான் சொல்கிறது. அதை மழுப்ப நான் விரும்பவில்லை. அதே புத்தகம் 26:3இல் மூடனின் முதுகுக்கும் பிரம்பு என்கிறது. நம் சபைகளில் யாரும் யாரையும் முதுகில் அடித்துத் திருத்துவதில்லை. அடங்காத மகனைக் கல்லெறியச் சொல்லும் உபாகமம் 21ஐயும் நாம் அப்படியே செய்வதில்லை. பழைய ஏற்பாட்டை இயேசுவின் வழியாக வாசிக்கிறோம். நாலு சுவிசேஷத்திலும் அவர் ஒரு பிள்ளையை அடித்த காட்சி கிடையாது. மாற்கு 10இல் அவருக்குக் கோபம் வருகிறது. அது பிள்ளைகளை வரவிடாமல் தடுத்த பெரியவர்கள்மேல்.

அடுத்தது ‘சிட்சை’. எபேசியர் 6:4இலும் எபிரெயர் 12இலும் வருகிறது. இந்த வடசொல் இந்தியில் கல்வியைக் குறிக்கிறது, மலையாளத்தில் தண்டனையை. தமிழ்க் காதில் இரண்டாவதுதான் விழுகிறது. அந்த இடங்களில் கிரேக்கத்தில் இருப்பது ‘பைதேயா’. ஒரு பிள்ளையைப் பயிற்றி, கற்பித்து, திருத்தி ஆளாக்கும் முழு வளர்ப்புக்கும் அது பெயர். எபேசியர் 6:4 சிட்சையைப் பேசுவதற்கு முன்பே தகப்பன்மாரை நிறுத்தி, பிள்ளைகளைக் கோபப்படுத்த வேண்டாம் என்கிறது. கொலோசெயர் 3:21 பிள்ளையின் மனம் தளர்ந்துபோகும் என்று காரணமும் சொல்கிறது. ‘அடியாத மாடு படியாது’ என்பதை வசனம்போல மேற்கோள் காட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது வேதத்தில் இல்லை.

இது மனதில் உட்கார்ந்ததும், வீட்டில் அடிப்பதற்கென்று இருக்கும் அடிஸ்கேலையோ குச்சியையோ பிள்ளை பார்க்கும்படி வெளியே கொண்டுபோய்ப் போடுங்கள்.

இரண்டாம் படி: கைக்குழந்தையின் அழுகைக்குப் போங்கள்

“தூக்கிட்டே இருந்தா கைப்பழக்கமாயிடும்” என்று வீட்டில் சொல்வார்கள். பயப்பட வேண்டாம். பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி 1969இல் வெளியிட்ட நூலில், நெருங்கிய ஒருவரோடு ஒட்டிக்கொள்ளும் தேவை குழந்தைக்குப் பிறவியிலேயே இருப்பதை விரிவாக எழுதினார். அவரோடு பணிபுரிந்த மேரி ஐன்ஸ்வொர்த் 1950களில் உகாண்டா கிராமங்களில் தாய்மாரையும் குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்க் கவனித்தார். பின்னர் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், ஆரம்ப மாதங்களில் அழுகைக்கு உடனே தாய் வந்த குழந்தைகள் முதல் வயதின் கடைசியில் குறைவாகவே அழுவதைக் கண்டார். இவற்றின் வழியில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் வில்லியம் சியர்ஸும் செவிலியரான அவர் மனைவி மார்த்தாவும் ஒரு வளர்ப்பு முறையைப் பரப்பினார்கள்: தாய்ப்பால், உடம்போடு அணைத்துச் சுமப்பது, அருகில் உறங்குவது, அழுகையை நம்புவது. இருவரும் கிறிஸ்தவர்கள்; கிறிஸ்தவப் பெற்றோருக்கென்றே தனிப் புத்தகமும் எழுதினார்கள். சேலைத் தொட்டிலும் இடுப்பும் தெரிந்த நமக்கு இதில் பெரும்பகுதி புதிதில்லை.

அருகில் உறங்குவதில் மட்டும் கவனம் வேண்டும். குழந்தையை மல்லாத்திப் படுக்க வையுங்கள். முகத்தருகே தலையணை, கனத்த போர்வை கூடாது. சோபாவில் குழந்தையோடு தூங்கவே கூடாது. குடித்தவரும் புகைப்பவரும் தூக்க மாத்திரை போட்டவரும் குழந்தையின் படுக்கையில் படுக்கக் கூடாது. அதே அறையில், கை எட்டும் தூரத்தில் தனி விரிப்பு நல்லது.

மூன்றாம் படி: எலியாவுக்குக் கிடைத்ததைக் கொடுங்கள்

இரண்டு வயதில் முரண்டு தொடங்கும். கல்யாண மண்டபத்தின் நடுவில் தரையில் விழுந்து புரளும். எல்லாரும் உங்களைப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் 1 இராஜாக்கள் 19ஐ நினைத்துக்கொள்ளுங்கள். எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, செத்தால் போதும் என்கிறார். கர்த்தர் அப்போது பிரசங்கம் பண்ணவில்லை, அவிசுவாசம் என்று கடிந்துகொள்ளவும் இல்லை. தூங்க விட்டார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் காட்டினான். சாப்பிட்டார், மறுபடி தூங்கினார், மறுபடி சாப்பிட்டார். கேள்வி வந்தது நாற்பது நாள் கழித்து, ஓரேப் மலையில்.

ஆகவே, முதலில் பசியா, தூக்கமா, சத்தமும் கூட்டமும் தாங்கவில்லையா என்று பாருங்கள். பிள்ளையை ஓரமாகத் தூக்கிப்போய், அதன் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். அதன் மனதில் இருப்பதைச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள்: “பலூன் வேணும். அம்மா தரல. கோபம் வருது, இல்லையா?” அதற்குமேல் பேச்சு வேண்டாம். உங்களை அடித்தால் கையை மெல்லப் பிடித்து, “அடிக்க விடமாட்டேன், பக்கத்துலயே இருக்கேன்” என்று சொன்னால் போதும். அழுது முடித்து மடியில் சாயும்வரை இருங்கள். புத்தி சொல்ல வேண்டியதை வீட்டுக்குப் போய், சாப்பிட்ட பிறகு சொல்லலாம். இந்தப் படியில் எனக்குக் கஷ்டமாக இருந்தது பிள்ளை அல்ல, சுற்றி நின்றவர்களின் பார்வை. அவர்களுக்கு முன்னால் நல்ல தாயாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே நான் அதிகம் அடித்திருக்கிறேன்.

நான்காம் படி: ‘இல்லை’ என்றால் இல்லைதான்

“ஏலி பிள்ளைகளை அடக்காமல் விட்டாரே” என்று சபையில் யாராவது கேட்பார்கள். சரியான கேள்வி. அடிக்காமல் இருப்பதும் கண்டுகொள்ளாமல் இருப்பதும் ஒன்றல்ல. ஏலி வளர்ந்த மகன்களிடம் வாயால் கண்டித்தார். காணிக்கையைப் பறித்த அவர்களை ஆசாரியப் பணியிலிருந்து விலக்கவில்லை. சொன்னதைச் செயலில் காட்டாததுதான் அவர் தவறு.

நீங்கள் செயலில் காட்டுங்கள். “போன் இன்னும் அஞ்சு நிமிஷம்” என்று முன்கூட்டியே சொல்லுங்கள், அஞ்சு நிமிடத்தில் வாங்கிவிடுங்கள். அழுகை வரும், வரட்டும். அழுவதற்குத் திட்டாதீர்கள், போனையும் திருப்பிக் கொடுக்காதீர்கள். சுவரில் கிறுக்கினால் ஈரத்துணியைக் கையில் கொடுத்து, நீங்களும் சேர்ந்து துடையுங்கள். தங்கையைத் தள்ளிவிட்டால் முதலில் தங்கையைத் தூக்குங்கள். பிறகு அவள் முட்டிக்கு மருந்து போட அவனையும் கூப்பிடுங்கள். செய்த தப்பைச் சரிசெய்ய வைக்கும் எதுவும் பாடம். பாத்ரூமில் பூட்டுவது, முட்டிபோட வைப்பது, “இனிமே உன்கூட பேசமாட்டேன் போ” என்பது இவற்றுக்கெல்லாம் தப்போடு எந்தச் சம்பந்தமும் இல்லை. கடைசியில் சொன்னது அடியைவிட ஆழமாக இறங்கும்.

ஐந்தாம் படி: ஆண்டவரைச் சாட்டையாக்காதீர்கள்

“இயேசப்பா கோவிச்சுக்குவார்”, “பொய் சொன்னா கண்ணைக் குத்துவார்” என்ற பேச்சை இன்றோடு விடுங்கள். வசனத்தை மனப்பாடம் செய்ய வைப்பதைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். குடும்ப ஜெபத்தைப் பிள்ளையின் அளவுக்குச் சுருக்குங்கள்: ஒரு பாட்டு, ஒரு கதை, ஒரு சின்ன ஜெபம், பத்து நிமிடம். மடியில் தூங்கிவிட்டால் தூங்கட்டும்.

ஆறாம் படி: பெரியவர்களிடம் பேசுங்கள்

“நாங்க அடிச்சுத்தான வளர்த்தோம், நீ கெட்டா போயிட்ட?” என்று அத்தையோ மாமாவோ கேட்டால் வாதாட வேண்டாம். “நீங்க நல்லாத்தான் வளர்த்தீங்க, அத்தை. இவன்கிட்ட நான் இப்படிப் பண்ணிப் பார்க்கிறேன், நீங்களும் கூட இருங்க” என்று சொல்லுங்கள். பாட்டியின் கதையும் மடியும் நமக்கு வேண்டும். பள்ளியில் அடிப்பதை 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்கிறது. ஞாயிறு பள்ளியிலும் விடுமுறை வேதாகமப் பள்ளியிலும் சேர்க்கும்போதே, “என் பிள்ளையை அடிக்க வேண்டாம், எதுவானாலும் என்னைக் கூப்பிடுங்க” என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஏழாம் படி: அடித்துவிட்ட நாளில்

அடித்துவிடுவீர்கள். நான் பிரம்பை வெளியே போட்ட பிறகும் கை ஓங்கியிருக்கிறேன். கோபம் ஏறுவது தெரிந்தால் அடுப்பை அணைத்துவிட்டு, பிள்ளையைப் பத்திரமான இடத்தில் உட்காரவைத்து, முகம் கழுவிவிட்டு வாருங்கள். பிரசவத்துக்குப் பிறகு வாரக்கணக்காகத் தூக்கமின்மையும் அழுகையும், குழந்தைமேல் வெறுப்பும் வந்தால் மருத்துவரிடம் போங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல. மருந்துக்குக் கட்டுப்படும் நோய்.

அடித்த பிறகு மன்னிப்புக் கேளுங்கள். “நீ சேட்டை பண்ணதாலதான்” என்று வால் ஒட்டாமல், “அம்மா அடிச்சது தப்பு, மன்னிச்சுக்கோ” என்று மட்டும். அவன் உடனே சிரிக்க வேண்டும் என்று காத்து நிற்காதீர்கள். யு.கே.ஜி படிக்கும்போது ஒருமுறை என் மகன் இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது, லேஸ் கட்டிவிடச் சொல்லி ஷூவை என் மடியில் வைத்தான்.