கிருமி கூறிய சான்று

லிபியா நாட்டின் பெங்காசி நகரக் குழந்தைகள் மருத்துவமனையில், 400க்கும் மேற்பட்ட குழந்தைகளை எச்.ஐ.வி. கிருமி பற்றியிருந்தமை 1998ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. பெற்றோர் கதறினர். அங்குப் பணியாற்றிய பல்கேரியச் செவிலியர் ஐவரும் பாலஸ்தீன மருத்துவர் ஒருவரும் வேண்டுமென்றே கிருமியைப் புகுத்தினர் எனப் பழி சுமத்தப்பட்டது. 2004இல் அவர்களுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

உண்மையை அறிவது எங்ஙனம்? எச்.ஐ.வி. பெருகுந்தோறும் அதன் மரபணுவில் சிறுசிறு மாற்றங்கள் நேர்கின்றன. அவை ஏறத்தாழச் சீரான விரைவில் சேர்கின்றன. ஆதலின், இரு கிருமிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் கொண்டு, அவை ஒரே மூலத்தினின்று பிரிந்த காலத்தைக் கணிக்கலாம். அக்குழந்தைகளிடம் காணப்பட்ட கிருமிகளை அறிஞர் இம்முறையில் ஆராய்ந்தனர். அயல்நாட்டார் 1998 மார்ச்சில் அங்கு வருமுன்னரே அக்கிருமி பரவத் தொடங்கிவிட்டது என்பதை 2006 டிசம்பரில் வெளியிட்டனர். குழந்தைகள் பலரிடம் கல்லீரலைத் தாக்கும் வேறொரு கிருமியும் இருந்தமை, மருத்துவமனையின் தூய்மைக் குறைவையே சுட்டியது.

நீதிமன்றம் அதனை ஏற்காது, மீண்டும் மரண தண்டனையே விதித்தது. எனினும், 2007 ஜூலையில் அறுவரும் விடுதலை பெற்றனர்.

பழி சுமத்துவதால் நோய் நீங்காது. அது பரவும் வழியைக் கண்டு அடைப்பதே மக்களைக் காக்கும்.