சுண்ணாம்புக்கல்லும் மூன்று கேள்விகளும்

பத்தாம் வகுப்பு வேதியியலில் நான் வாங்கிய மார்க்கெல்லாம் மனப்பாடம்தான். டிப்ளமோ முதலாண்டில் குட்டு வெளிப்பட்டது.

"சுண்ணாம்புக்கல்லின் வேதிப்பெயர்?" கால்சியம் கார்பனேட். ஞாபகம் போதும்.

"100 கிராம் முழுதும் சிதைந்தால் எவ்வளவு சுட்ட சுண்ணாம்பு?" 56 கிராம். 1956-ல் ப்ளூம் குழுவினர் வகுத்த படிகளில் இது 'பயன்படுத்தல்'. நோட்ஸில் இதே எண் இருந்தாலோ, இதுவும் மனப்பாடமே!

"10 கிராமைச் சூடேற்றியபின் 7.8 கிராம் மிஞ்சியது. எவ்வளவு சிதைந்தது?" இங்கேதான் முழிச்சேன். குறைந்த 2.2 கிராம், வெளியேறிய கரியமில வாயு. 44 கிராம் வாயு வர 100 கிராம் கல் சிதையணும். ஆக, சிதைந்தது 5 கிராம், சரிபாதி. புது வாய்பாடு எதுவுமே தேவையில்லை. எடை எங்கே போச்சுன்னு யோசிக்கணும்.

அன்னைக்கு நான் எழுதின விடை: 5.6 கிராம்!