சிறு கணிப்பொறிக்கு ஒலிமாற்றிப் பலகை

உள்ளங்கையில் அடங்கும் ஒரு பலகையில் முழுக் கணிப்பொறியையும் அமைத்துவிடுவது இன்று எளிதாகிவிட்டது. அவற்றுள் பெரிதும் அறியப்பட்டது, பிரிட்டனில் 2012ஆம் ஆண்டு மாணவர்களை முன்னிட்டு வெளியிடப்பட்ட ராஸ்ப்பெரி பை ஆகும். மொழிப் பாடங்களையும் பாடல்களையும் உரைகளையும் வகுப்பறையில் ஒலிக்கச் செய்வதற்கு இதனை ஆசிரியர்கள் பயன்படுத்தலாம். கிராமக் கூட்டங்களில் களப் பணியாளரும் பயன்படுத்தலாம். ஆனால் இச்சிறு பொறியின் மெலிந்த பக்கம் அதன் ஒலியே. அக்குறையை நீக்க அதன் மேல் பொருத்தப்படும் ஒலிமாற்றிப் பலகை எவ்வாறு வேலை செய்கிறது, அதற்குச் செலவிடுவது எப்பொழுது தகும் என்பவற்றை இங்கு ஆராய்வோம். பெங்களூரைச் சேர்ந்த அல்லோ நிறுவனம் வெளியிட்ட ‘பாஸ்’ என்னும் பலகையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

கணிப்பொறியில் ஒலி என்பது எண்களின் வரிசையாகவே இருக்கிறது. குறுந்தட்டில் பதிவான இசையில் ஒவ்வொரு விநாடிக்கும் 44,100 எண்கள் உள்ளன. ஒவ்வோர் எண்ணும் 65,536 படிகளுள் ஒன்றைக் குறிக்கும். ஒலிபெருக்கிக்கோ எண்களால் பயனில்லை. அதற்கு ஏறி இறங்கும் மின்னழுத்தம் வேண்டும். எண்ணை மின்னழுத்தமாக மாற்றித் தருவதே ஒலிமாற்றியின் தொழில்.

ராஸ்ப்பெரி பையின் தொடக்கப் பலகையிலிருந்து 2019இல் வந்த நான்காம் பலகை வரையில், காதணிக்கருவியைச் செருகும் துளை பெரும்பாலானவற்றில் உண்டு. ஆயினும் அத்துளைக்குப் பின்னால் தனி ஒலிமாற்றி கிடையாது. ஒரு மின்முனையை மிக விரைவாகத் திறந்து மூடி, திறந்திருக்கும் நேரத்தை நீட்டியும் குறுக்கியும், அதன் சராசரியை மின்தடையாலும் மின்தேக்கியாலும் சமப்படுத்தி ஒலியாக்குகிறார்கள். அடியில் சிறு துளையுள்ள ஒரு குடத்தில், குழாயை விட்டுவிட்டுத் திறந்து நீர்மட்டத்தை நாம் விரும்பிய அளவில் நிறுத்துவதைப் போன்றது இது. தொடக்ககால ஏற்பாட்டில் இவ்வாறு கிடைத்தவை ஏறத்தாழ 2,048 படிகளே. வகுப்பில் ஒலியின் அளவை முப்பத்திரண்டில் ஒரு பங்காகக் கணிப்பொறியிலேயே குறைத்தோமானால் எஞ்சுவன 64 படிகள். மெல்லிய ஒலிகள் கரகரப்பில் மூழ்கிப்போவதற்கு இது ஒரு முக்கிய காரணம். பின்னர் வந்த மென்பொருள், இந்த இரைச்சலைச் செவிக்கு எட்டாத உயர் அதிர்வுகளுக்கு ஒதுக்கிக் குறையைப் பெரிதும் தணித்தது என்பதையும் சொல்லவேண்டும். 2023இல் வந்த ஐந்தாம் பலகையில் அத்துளையே நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே அதனை வைத்திருப்போர் வேறு வழி தேடியே ஆகவேண்டும்.

‘பாஸ்’ பலகையில் உள்ள மாற்றிச் சில்லு, அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் பிசிஎம் 5122 ஆகும். இச்சில்லைப் பல நாடுகளின் பலகைகளிலும் காணலாம். ஆதலின் பலகையின் தரத்தைச் சில்லின் பெயரால் மட்டும் அளவிடுவது சரியன்று. சில்லுக்குக் காலத் துடிப்பை அளிப்பது யார் என்பதே இங்குக் கேட்கவேண்டிய கேள்வி. மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற பெங்களூர் எஸ்.பி. சாலைக் கடைகளில் பலகை வாங்கச் செல்வோரும் இதனையே முதலில் கேட்பது நன்று.

கணிப்பொறியிலிருந்து ஒலிமாற்றிக்கு எண்கள் மூன்று கம்பிகளின் வழியே செல்கின்றன. ஒன்றில் எண்களே செல்லும். மற்றொன்று இது இடச் செவிக்குரியது, இது வலச் செவிக்குரியது என்று பிரித்துக் காட்டும். மூன்றாவது, ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு துடிப்பு வீதம் தாளம் போடும். பிலிப்ஸ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட முறை இது. இரு செவிகளுக்கும் முப்பத்திரண்டு இலக்கங்கள் வீதம் ஒரு மாதிரிக்கு 64 துடிப்புகள் எனக் கொண்டால், குறுந்தட்டு இசைக்கு விநாடிக்கு 28,22,400 துடிப்புகள் தேவை. விநாடிக்கு 48,000 மாதிரிகள் உள்ள ஒலிக்கு 30,72,000 தேவை.

நான்காம் பலகைக்கு முந்திய ராஸ்ப்பெரி பையில் உள்ள படிகம் விநாடிக்கு 1,92,00,000 முறை அதிர்கிறது. (இதனை இன்று 19.2 மெகாஹெர்ட்ஸ் என்கிறோம். பழைய வானொலி நூல்களைப் படித்தவர்களுக்கு மெகாசைக்கிள் என்றால் விளங்கும்.) மாணவர்களிடம் இவ்வெண்ணைக் கொடுத்து வகுக்கச் சொல்லுங்கள். 30,72,000ஆல் வகுத்தால் ஈவு 6.25. 28,22,400ஆல் வகுத்தால் ஏறத்தாழ 6.80. இரண்டும் முழு எண்ணல்ல. எனவே பொறி சில வேளை ஆறாலும் சில வேளை ஏழாலும் வகுத்துச் சராசரியைச் சரிக்கட்ட நேர்கிறது. சராசரி சரியே; ஆனால் துடிப்புகளுக்கு இடையிலுள்ள காலம் ஒரே சீராக இராது. நான்காம் பலகையின் படிகம் 54 மெகாஹெர்ட்ஸ் ஆயினும் வகுத்தல் அங்கும் முழுமையாக அமைவதில்லை.

பெங்களூர்ப் பலகையில் இரு படிக அதிர்விகள் இருக்கின்றன. ஒன்று 4,51,58,400 முறையும் மற்றொன்று 4,91,52,000 முறையும் அதிரும். முன்னதை 28,22,400ஆலும் பின்னதை 30,72,000ஆலும் வகுத்துப் பாருங்கள். இரண்டிலும் ஈவு 16, மீதி இல்லை. ஒலியின் வகைக்கேற்ப உரிய அதிர்வியைப் பலகை தேர்ந்துகொள்கிறது. கணிப்பொறி அதன் துடிப்பைக் கேட்டு எண்களை அனுப்புகிறது. கச்சேரியில் தாளத்தை ஒருவர் வைத்துக்கொள்ள மற்றவர் அதனைப் பின்பற்றுவதுபோல், இங்குத் தாளம் பலகையின் கையில் இருக்கிறது. இச்சிறு பலகையின் சிறப்பு முழுவதும் இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. விளம்பரங்களில் பெரிதாகக் காட்டப்படும் 3,84,000 மாதிரிகள் என்னும் திறனால் வகுப்பறைக்கு விளையும் நன்மை சிறிது. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 அதிர்வுக்கு மேல் கேட்பதில்லை. அதற்கு 44,100 மாதிரிகளே போதும்.

பொருத்தும் முறை கடினமன்று. மின்சாரத்தை முற்றிலும் நிறுத்திய பின்பே பலகையை நாற்பது ஊசிகளின் மேல் அமர்த்தவேண்டும். ஒரு வரிசை தவறினாலும் ஐந்து வோல்ட் ஊசி வேறிடத்தில் படும். பையின் பிற ஊசிகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கமாட்டா. இவ்விடத்தில் மாணவரை அவசரப்பட விடலாகாது. துடிப்பு 12ஆம் ஊசியிலும், இட வலக் குறிப்பு 35ஆம் ஊசியிலும், எண்கள் 40ஆம் ஊசியிலும் செல்வதை எண்ணிக் காட்டலாம். இயக்கு நிரல் ராஸ்ப்பெரி பைக்கான லினக்சிலேயே சேர்க்கப்பட்டுள்ளது. துவக்க அமைப்புக் கோப்பில் ‘டிடிஓவர்லே’ என்று தொடங்கும் ஒரு வரியில் ‘அல்லோ-பாஸ்-டாக்-பிசிஎம்512எக்ஸ்-ஆடியோ’ என்னும் பெயரை ஆங்கில எழுத்தில் இடைவெளியின்றி எழுதி, பொறியை மீண்டும் துவக்கினால் போதும்.

அவ்வரியின் இறுதியில் காற்புள்ளியிட்டு ‘ஸ்லேவ்’ என்னும் சொல்லைச் சேர்த்தால், தாளம் மீண்டும் கணிப்பொறியின் கைக்குப் போய்விடும். ஒரே பலகை, ஒரே சில்லு, ஒரே பாடல். மாறுவது காலத் துடிப்பு ஒன்றே. ஆய்வுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு எளிதில் கிடைக்காது. எந்த ஏற்பாட்டில் ஒலிக்கிறது என்பதைச் சொல்லாமல் மாணவர்களைக் கேட்கச் செய்து, அவர்கள் விடைகளைக் குறித்துக்கொள்ளவேண்டும். பேச்சில் வேறுபாடு தெரியாதென்றே எதிர்பார்க்கலாம். வேறுபாட்டைத் தேடுவதானால், நீண்டு நிற்கும் தம்புரா, வீணை ஒலிகளை நல்ல காதணிக்கருவியில் கேட்டுப் பார்க்கலாம்.

ஆகவே, திறந்தவெளிக் கூட்டத்தில் குழல் ஒலிபெருக்கி வழியாக அறிவிப்புகளை மட்டும் ஒலிபரப்புவோர் இப்பலகைக்குச் செலவிடுவது வீண். தமிழ் பயிலும் பிள்ளைகளுக்கு லகர, ளகர, ழகர வேறுபாட்டை உணர்த்தும் ஆசிரியருக்கும் இசைப் பாடம் நடத்துவோருக்கும் கரகரப்பற்ற ஒலி அவசியம். ஐந்தாம் பலகையை வைத்திருப்போருக்கும் இது பயன்படும். நாட்டுப்பாடல்களைப் பதிவு செய்ய விரும்பும் களப் பணியாளர் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: இப்பலகை எண்ணை ஒலியாக்குமேயன்றி ஒலியை எண்ணாக்காது. பதிவுக்கு வேறு பலகை வேண்டும்.

இணைப்பைப் பற்றி ஒரு குறிப்பு. பிசிஎம் 5122 உச்ச அளவில் 2.1 வோல்ட் தருகிறது. பள்ளிகளிலுள்ள ஒலிபெருக்கிப் பெட்டியின் மைக் துளையோ ஒரு சில மில்லிவோல்ட்டுகளையே எதிர்பார்ப்பது. அதில் இணைத்தால் எத்தகைய பலகையும் சிதைந்த ஒலியையே தரும். ‘ஆக்ஸ்’ என்று குறித்த துளையில் இணைக்கவேண்டும். அவ்வாறு இணைத்தும் இடைவிடாத உறுமல் கேட்குமாயின், பலகையைக் குறைகூறுமுன் கணிப்பொறியின் மின்வழங்கியைக் கழற்றி, மின்கலத் தொகுதி ஒன்றால் இயக்கிப் பார்க்கவும். உறுமல் நின்றுவிட்டால் பழுது மின்வழங்கியிலோ நில இணைப்பிலோ இருக்கிறது என்று கொள்ளலாம்.